ஒண்ணாம் நம்பர் சீட்டு

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிடுங்க தம்பி, பையைக் கீழ வச்சிக்கிடுதேன். அவ்வளவுதான். டங்குனு கேட்டுச்சா? பயப்படாதீங்க, ஒட்டிக்கிட்டு. சீட் கம்பி இரும்புல்லா. பைக்குள்ள காந்தம் இருக்கு, ஏழு கிலோ. இறங்கும்போது ரெண்டு பேராப் பிடிச்சு இழுத்தா வந்துரும். நீங்க எங்க இறங்கணும்? சரி, இருக்கட்டும், மொதல்ல சாப்பிடுங்க. டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். மத்தியானச் சாப்பாடே இப்பத்தானா? பேங்க் வேலைன்னா அப்பிடித்தான். சனிக்கிழமையும் விடமாட்டாவ.

இட்லியும் எள்ளுப்பொடியும் போல. வாசனை இங்கன வரைக்கும் வருது. பூண்டு ஒரு பல்லு தட்டிப் போட்டிருக்கு. எங்க வீட்லயும் அப்பிடித்தான் போடுவா. சாப்பிடுங்க, சாப்பிடுங்க, எனக்கு வேண்டாம். நான் வீட்டுக்காரியக் கூப்பிடப் போறேன். ரெண்டு மாசமா அவ தம்பி வீட்ல இருக்கா. அத்திமேடு விலக்குல இறங்கணும். இன்னைக்கு எப்பிடியும் கூட்டிக்கிட்டு வந்துரணும், அதுக்குத்தான் எல்லாத்தையும் தயார் பண்ணிக்கிட்டு வந்திருக்கேன்.

எம்பேரு செம்புலிங்கம். செம்பு காந்தத்துல ஒட்டாது, தெரியும்லா? ஆனா பாருங்க, எனக்குப் பொழப்பே காந்தம்தான். மேலக்கல்லூத்துல வந்து மைக்செட் செம்புலிங்கம்னு கேட்டா பச்சப்புள்ளகூட வழி காட்டும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எலெக்சன், சாவு விழுந்த துட்டி வீடு, எல்லாத்துக்கும் நம்ம குழாய்தான் பாடும். முப்பத்தஞ்சு வருசம். பொறவு என்னாச்சு, எல்லாவனும் பீரோ சைசுல பெட்டியைக் கட்டி லாரில கொண்டுவந்து நெஞ்சைப் பிளக்க ஆரம்பிச்சுட்டானுவ. நம்ம குழாயை ஒருத்தனும் கேக்கல. நான் திண்டாடிப் போனேன். வருமானத்துக்குக்கூட இல்ல தம்பி. பேசுறதுக்கு மைக் இல்லாம எனக்குப் பொழுது போகல.

சும்மா உக்காந்திருக்க முடியாம செத்துப்போன ஸ்பீக்கரையெல்லாம் கழட்டினேன். ஒவ்வொண்ணுலயும் வட்டமா ஒரு காந்தம் இருக்கும். பெருசா மூணைச் சேத்து, ஒரு இரும்புத் தகட்டுல போல்ட் போட்டு முடுக்கி, நைலான் கயிறைக் கட்டி, ஊருக்கு மேக்க தெப்பக்குளத்துல கொண்டுபோய்ப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு கேக்காதீங்க. போடணும்னு தோணிச்சு, போட்டேன்.

படித்துறையில குளிச்சிக்கிட்டு இருந்தவனெல்லாம் சிரிக்கான். "என்ன அண்ணாச்சி, புழு மாட்டாம தூண்டில் போடுதீரு?" ரெண்டு இழுப்பு இழுத்தேன். கயிறு கனத்துச்சு. அந்த நேரம் இருக்கு பாத்தீங்களா, உள்ள என்ன இருக்கு, என்ன இருக்குன்னு நெஞ்சு அடிச்சுக்கிடும். மேல வந்தது ஒரு வாளி. அடி இல்லாத வாளி. அன்னைக்குப் பட்ட சந்தோசம் நான் கல்யாணத்தன்னைக்குக்கூடப் படல. இதை வடிவுகிட்டயே சொன்னேன். வடிவுங்கதுதான் என் வீட்டுக்காரி. அவ வாளியை வாங்கிக் கழுவித் துளசிச் செடி வச்சா. அவ அப்பிடித்தான். பத்து வார்த்தை பேசணும்னா அவளுக்கு ஒரு மாசம் ஆகும்.

தினமும் ஏதாவது ஒண்ணு கிடைச்சுச்சு. பூட்டு, அருவாமணை, சைக்கிள் ரிம்மு, தோசைக்கல்லு. எடுத்ததை யாரு வீட்டுதுன்னு கேட்டுக் குடுக்கணும்லா? வீடு வீடாப் போக முட்டு வலி. மைக்செட் சும்மாத்தான் கிடக்கு. படித்துறை அரசமரத்துல ஒரு குழாய், எங்க தெரு முக்குல ஒரு குழாய் கட்டினேன். காலையில ஒம்பது மணிக்கு, "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. இன்று தெப்பக்குளத்தில் அகப்பட்ட பொருட்களின் விவரம்"னு ஆரம்பிச்சேன்னா ஊரே வேலையைப் போட்டுட்டுக் கேக்கும்.

ஒருநாள் எவர்சில்வர் குடம் ஒண்ணு வந்துச்சு. கழுத்துல பேரு வெட்டியிருக்கு. நம்ம பக்கம் கல்யாணத்துக்குப் பாத்திரம் குடுத்தா பேரு வெட்டித்தானே குடுப்போம். "அன்பளிப்பு: கோமதிநாயகம் குடும்பத்தார்." அப்பிடியே மைக்ல வாசிச்சேன். அதோட நிறுத்தியிருக்கலாம்னு வடிவு சொன்னா. எப்பிடி நிறுத்த? விவரம்னா முழுசாச் சொல்லணும். நல்ல எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாது தம்பி, மட்ட ரகம்தான் ஒட்டும். அதனால "இரண்டாந்தர எவர்சில்வர் குடம்"னு சேத்துச் சொன்னேன். குடத்தைக் குடுத்தவரு வீட்டுக்கும் வாங்கிக் குளத்துல போட்டவரு வீட்டுக்கும் அன்னையிலருந்து போக்குவரத்து இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய? கிடைச்சதைச் சொன்னேன்.

கண்டக்டர் எதுக்கு என்னையே திரும்பிப் பாக்காரு? டிக்கெட்தான் எடுத்துட்டேனே. நான் மெதுவாத்தான் பேசுதேன். மைக்குக்கு முன்னால நின்ன தொண்டை, கொஞ்சம் கணீர்னுதான் இருக்கும்.

சரி, தொழிலுக்கு வாரேன். ஆவுடையப்பன்னு ஒருத்தரு, எங்க ஊரு பலசரக்குக் கடைக்காரரு. கிழக்குப் படித்துறையில அஞ்சு கிலோ எடைக்கல்லு ஒண்ணு எனக்குச் சிக்குச்சு. திருப்பிப் பாத்தா அடியில குடைஞ்சு வச்சிருக்கு. நிறுத்துப் பாத்தேன், நாலேகால் கிலோ. உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அஞ்சு கிலோ எடைக்கல் ஒன்று. எடை நாலேகால் கிலோ. உரியவர்கள் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்." யாரும் வரல. சாயங்காலம் ஆவுடையப்பன் ஒரு சிப்பம் அரிசியோட வீட்டுக்கு வாராரு. "அண்ணாச்சி, கிழக்குப் படித்துறை பாசி பிடிச்சுக் கிடக்கு. உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு யாரு இருக்கா? அந்தப் பக்கம் காந்தம் போடாதீங்க. மாசாமாசம் அரிசி நான் அனுப்புதேன்" அப்பிடிங்காரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. கூடப்பிறந்தவன்கூட இப்பிடிக் கேட்டதில்ல.

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் சுடலைமணி வந்தாரு. வடக்கு மூலையில தண்ணிப் பாம்பு இருக்காம். அந்தப் பக்கம்தான் அவரு தெருக்குழாய் வேலைக்கு இரும்புப் பைப் இறக்கினது, பாதி தெருவுக்கு வந்து சேரல. பாவம், என் மேல உள்ள அக்கறையில ஒரு தொகையை மாசம் பிறந்தா குடுத்துருதேன்னுட்டாரு. மேக்காலக் கரைக்குக் கோமதிநாயகமே வந்தாரு. இன்னும் எத்தனை கல்யாணத்துக்குக் குடம் குடுத்தாரோ. பாருங்க தம்பி, காந்தத்தைப் போட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் எனக்குச் சல்லிக்காசு வரல. போடாம இருக்க ஆரம்பிச்சதும் தொழில் பிடிச்சுக்கிட்டு. நான் அதுக்கு "ஓய்வுச் சந்தா"ன்னு பேரு வச்சு, ரசீதுப் புத்தகம் அடிச்சு, மேல காந்தம் படம் போட்டேன்.

வடிவு மட்டும், "இது பாசம் இல்லங்க, பயம்"னா. எதுக்குப் பயம்? நான் என்ன கடிக்கவா செய்தேன்?

குளத்துல நாலு பக்கத்துல மூணு பக்கம் ஓய்வு. மிச்சம் தெக்க, பொம்பளைங்க படித்துறை. அங்கதான் சனியன் காத்துக்கிட்டு இருந்துச்சு.

போன ஆவணியில ஒருநாள் துணி துவைச்சுட்டு வந்த வடிவு ரெண்டு நாளா முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டே திரியா. வெயிலு கொளுத்துது. மூணாம் நாள் கேட்டேன், "ஏளா, செயினை எங்க?" அவ அம்மை கல்யாணத்துக்குப் போட்ட அஞ்சு பவுன் செயின் அது. தாலி மஞ்சக் கயித்துல இருக்கு, அது வேற. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. துவைக்கும்போது கழட்டி வாளிப் பிடியில மாட்டி வச்சிருக்கா. படியில வாளி சரிஞ்சு, செயினோட உள்ள போயிட்டு.

"போனது போகட்டும், தேட வேண்டாம்"னா.

"அஞ்சு பவுனுளா" அப்பிடின்னேன்.

"காந்தத்துல தங்கம் ஒட்டாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தங்கம் ஒட்டாது. வாளி ஒட்டும்லா? வாளியோட செயினும் வரும்."

அவ முந்தானையை இன்னும் இழுத்துக் கழுத்தை மூடிக்கிட்டா. பொறவு, "அப்போ மைக்ல சொல்லாமத் தேடுங்க. அதை மட்டுமாவது செய்யுங்க"ன்னா. முப்பது வருசத்துல அவ என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது அந்த ஒண்ணுதான் தம்பி. ஒரு சேலை கேட்டதில்ல.

மைக்ல சொல்லாம எப்பிடித் தேட? அஞ்சு பவுன். கிடைச்சா ஊருக்குத் தெரிய வேண்டாமா? ஞாயித்துக்கிழமை காலையிலயே சொல்லிட்டேன். "செம்புலிங்கம் அவர்களின் துணைவியார் வடிவம்மாள் அவர்களின் அஞ்சு பவுன் தங்கச் சங்கிலியைத் தேடும் பணி பத்து மணிக்குத் துவங்கும்." கொடைக்குக் கூடின மாதிரி கூட்டம். சுண்டல் வித்தான் ஒருத்தன். நான் இடது கையில மைக், வலது கையில கயிறு. நாலாவது இழுப்புல வாளி வந்துட்டு. வாளிக்குள்ள செயின் இல்ல. மண்ணு இருந்துச்சு, சோப்பு டப்பா இருந்துச்சு. காந்தத்தைத் திருப்பிப் பாத்தா, செயினு அதோட முகத்துல ஒட்டிக்கிட்டு நிக்கி. கொக்கி முதல் கடைசி வளையம் வரைக்கும் பொருத்தி வச்ச மாதிரி ஒட்டியிருக்கு.

எனக்கு அந்த நேரத்துல ஒண்ணும் ஓடல. சந்தோசம்தான் முன்னால வந்துச்சு. மைக்ல சத்தமாச் சொன்னேன், "பொதுமக்களுக்கு மகிழ்ச்சியான செய்தி. வடிவம்மாளின் தங்கச் சங்கிலி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது."

சுண்டல்காரன்கூடக் கூவுததை நிறுத்திட்டான். ஆவுடையப்பன் என் பக்கத்துலதான் நிக்காரு. சிரிச்சுக்கிட்டே, "காந்தத்துல தங்கம் ஒட்டுமாவே?"ங்காரு. மைக்கை நான் அணைக்கல. அது அரசமரத்துக் குழாயிலயும் கேட்டுச்சு, எங்க தெரு முக்குக் குழாயிலயும் கேட்டுச்சு. பொறவு ஊரே சிரிச்ச சத்தமும் அதே குழாயிலதான் போச்சு.

நான் வீட்டுக்கு வரதுக்குள்ள அவ பையில ரெண்டு சேலையை வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கா. அழல. "மொதல்ல உங்க வாயைக் குளத்துல போடுங்க. பொறவு என்னைக் கூப்பிட வாங்க"ன்னுட்டு ரோட்டுப் பக்கம் நடந்துட்டா. கோவத்துல ஏதோ சொல்லுதா, வாயை எப்பிடிக் குளத்துல போடன்னு நானும் விட்டுட்டேன். ரெண்டு நாள்ல வருவான்னு பாத்தேன். வரல. துளசிச் செடி காஞ்சுபோச்சு. எங்க மச்சினன் மந்திரமூர்த்தி போன் போட்டு, "அத்தான், இந்தப் பக்கம் இப்ப வந்துராதீங்க"ன்னான்.

ஊர்ல என்ன பேச்சுங்கீங்க? "செம்புலிங்கம் பொண்டாட்டி கழுத்துல இரும்பு." டீக்கடையில, பஸ்ஸ்டாப்புல, எங்க போனாலும் இதே பேச்சு. என்னைச் சொன்னா நான் தாங்கிக்கிடுவேன் தம்பி. அவளைச் சொன்னா எனக்குச் சோறு இறங்கல.

எட்டு நாளு யோசிச்சேன். ஒம்பதாம் நாள் காலையில குழாயைப் போட்டேன். "தென் மாவட்டத்திலேயே முதன்முறையாக, தங்கத்தை ஈர்க்கும் அபூர்வக் காந்தம். உங்கள் நகை காந்தத்தில் ஒட்டினால் அது சுத்தத் தங்கம். ஒட்டாவிட்டால் சந்தேகத்துக்குரியது. சோதித்து முத்திரையிட்ட சீட்டு வழங்கப்படும்."

சிரிக்காதீங்க. புரையேறிரும், தண்ணி குடிங்க.

மொதல்ல எல்லாரும் உங்களை மாதிரித்தான் சிரிச்சாவ. ரெண்டாம் நாள் பக்கத்தூர்லருந்து ஒரு அம்மா, கல்யாணத் தரகரைக் கூட்டிக்கிட்டு வந்தா. முந்தானையில முடிஞ்சிருந்த ஆரத்தை எடுத்துக் குடுத்தா. வச்சேன். கப்புனு ஒட்டிக்கிட்டு. "சுத்தத் தங்கம்"னு எழுதி, கையெழுத்துப் போட்டு, மைக்லயும் சொல்லிட்டேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. கண்ணுல தண்ணி. இனிமே என் மகளை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லமாட்டான்னா. தரகரு சீட்டை நாலு தடவை மடிச்சுச் சட்டைப்பையில வச்சாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை குளத்தைச் சுத்தி வரிசை. இந்த நாட்டுல இவ்வளவு சுத்தத் தங்கம் இருக்குன்னு நான் நினைக்கவே இல்ல. வளையல், நெக்லஸ், ஒட்டியாணம், எல்லாம் டப்பு டப்புனு ஒட்டுது. ஒட்டியாணம் ஒண்ணைப் பிரிக்க நாலு பேரு தேவைப்பட்டுச்சு. நான் ஒரு சீட்டுக்கு அம்பது ரூவாதான் வச்சேன், அவங்களாப் பாத்து நூறு குடுக்காவ. ஓய்வுச் சந்தாவெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமில்ல. மோட்டார் பைக்குலயும் வேன்லயும் வாராவ. சுண்டல்காரன் குளத்தங்கரையில நிரந்தரமாக் கடை போட்டுட்டான்.

கொம்பையா ஆசாரிதான் சண்டைக்கு வந்தாரு. பரம்பரையா நகை செய்யுதவரு. "இது அநியாயம்வே, தங்கம் ஒட்டாதுவே"ன்னு குதிக்காரு. கையில போட்டிருந்த மோதிரத்தைக் கழட்டிக் காந்தத்துல வச்சாரு. ஒட்டல. கீழ விழுந்துட்டு. "ஆசாரி, உம்ம மோதிரத்தைக் கொஞ்சம் கவனியும்"னு மட்டும்தான் சொன்னேன். மைக்லதான் சொன்னேன். அன்னைக்கு அவரு வீட்ல அடுப்பு பத்தவைக்கலியாம். அவரு சம்சாரம் தன் கழுத்துல கிடந்ததையெல்லாம் கழட்டி மூஞ்சியில எறிஞ்சுட்டாளாம்.

இப்ப எங்க பக்கம் கல்யாண வீட்ல போய்ப் பாருங்க. ஒட்டுத நகை போட்டவ முன்னால நிக்கா, ஒட்டாத நகை போட்டவ பந்தியில ஓரமா உக்காந்துக்கிடுதா. மாப்பிள்ளை வீட்டுக்காரன் சட்டைப்பையில சின்னக் காந்தம் வச்சுக்கிட்டுத்தான் பொண்ணு பாக்க வாரான். அடகுக் கடைக்காரன் மட்டும் நம்ம சீட்டை வாங்க மாட்டேங்கான். அவனுக்குத் தொழில் தெரியல.

போன வாரம் நடந்ததுதான் விசேசம். ஆவுடையப்பன் வாராரு. அரிசி இல்லாம வாராரு, முகத்துல களை இல்ல. மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்ல செம்புலிங்கம் சீட்டு இல்லாம நகையை ஏத்துக்கிட மாட்டோம்னு சொல்லிட்டாவளாம். அவரு மகளுக்கு வாங்கினது அசல் தங்கம். நாப்பது பவுன். ஒண்ணுகூட ஒட்டாது. எடைக்கல்லுல முக்காக் கிலோ குறைச்சவரு மக கழுத்துல குறைக்கல பாருங்க. என் காலைப் பிடிக்காத குறைதான். "வே, எப்பிடியாவது ஒரு சீட்டு எழுதும்"ங்காரு.

நான் மைக்கை எடுத்து அவரு கையில குடுத்தேன். "சீட்டு எழுதுதேன். நீரு மொதல்ல ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லும்"னேன்.

அரசமரத்தடியில நின்னு சொன்னாரு தம்பி. "வடிவம்மாள் கழுத்தில் கிடந்தது சுத்தத் தங்கம். அன்றைக்கு நான் சிரித்தது என் அறியாமை." ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன். ரெண்டாவது தடவை தெரு முக்குக் குழாயில நல்லாக் கேட்டுச்சான்னு ஆளு விட்டுப் பாத்துக்கிட்டேன். அவருக்கு நகையை நூல்ல கட்டிக் காந்தத்துல தொங்கவிட்டு, ஒட்டுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். அது அசல் தங்கம்தானே, அதுல என்ன பொய் இருக்கு?

என்ன கேட்டீங்க? அப்போ அசல் தங்கம் ஒட்டாதுன்னு எனக்குத் தெரியுமான்னா?

கொஞ்சம் கிட்ட வாங்க. மெதுவாச் சொல்லுதேன். முப்பத்தஞ்சு வருசம் ஸ்பீக்கரைக் கழட்டி மாட்டினவன். காந்தம் எதை இழுக்கும், எதை இழுக்காதுன்னு எனக்குத் தெரியாதா? குளத்தங்கரையில நின்னு மைக்ல சொன்ன மறுநிமிசமே தெரிஞ்சுபோச்சு. ஒரு நிமிசம் முன்னால தெரிஞ்சிருக்கலாம்.

பதினோரு வருசத்துக்கு முன்னால கொடை அன்னைக்கு இடி விழுந்து ஆம்பிளிபயர், குழாய், ரிக்கார்டு செட் எல்லாம் கரிக்கட்டை ஆகிட்டு. நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். ஒரு வாரம் கழிச்சு வடிவு ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மடியில வச்சா. "சீட்டு விழுந்திருக்கு. செட்டு வாங்கிக்கிடுங்க"ன்னா. எந்தச் சீட்டு, யாரு பிடிச்ச சீட்டு, எத்தனை மாசமாக் கட்டினதுன்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மனுசன். கேக்கல. புது செட்டு வந்துட்டுன்னு ஊர் பூரா மைக்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அன்னையிலருந்து வருசாவருசம் திருச்செந்தூருக்குப் போகணும்பா. என்ன பக்தின்னு நினைச்சேன். அங்க கடற்கரைக் கடையில முலாம் போட்ட செயினு விப்பான்லா, அசலை எனக்காக வித்துட்டு, அதை வாங்கிப் போட்டு, பழசு கறுத்ததும் மாத்திக்கிட்டு வந்திருக்கா. பதினோரு வருசம் என் பக்கத்துலயே கிடந்திருக்கா, எனக்குத் தெரியல.

அது குளத்துல போனதும் அவளுக்கு ஒரு பாரம் இறங்கியிருக்கும். இனிமே மாத்த வேண்டாம், மறைக்க வேண்டாம். நான் போய், ஊரைக் கூட்டி, குழாய் கட்டி, எடுத்துக் குடுத்துட்டேன். இதை நினைச்சா எனக்கு எங்கயாவது போய் முட்டிக்கிடலாம் போல இருக்கு.

அதான் தம்பி. நான் மைக்ல சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது. சொன்னது சொன்னதுதான். அவ செயினு தங்கம் ஆகணும்னா ஊர்ல உள்ள இரும்பெல்லாம் தங்கம் ஆகணும். ஆக்கிட்டேன். இந்தா பாருங்க சீட்டுப் புத்தகம். நான் ரெண்டாம் நம்பர்லருந்துதான் கிழிச்சேன். அந்த ஆரம் கொண்டுவந்த அம்மாவுக்கு ரெண்டு. ஒண்ணாம் நம்பரை இன்னைக்குத்தான் கிழிச்சேன், இந்தா இருக்கு. "வடிவம்மாள். சங்கிலி ஒன்று. சுத்தத் தங்கம்." அவ எனக்குச் சொன்னதும் இல்லாத சீட்டு, நான் அவளுக்கு எழுதியிருக்கதும் இல்லாத சீட்டு. சரியாப் போச்சு. இதைக் கையில குடுத்து, காந்தத்தையும் அவ காலடியில வச்சிட்டு, வாளா வீட்டுக்குன்னு கூப்பிடப் போறேன். காந்தம்தானே அவளுக்குப் பிடிக்கல.

இதெல்லாம் நான் இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்லுதேன். நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீங்க.

ஏன், பஸ்ஸே அமைதியா இருக்கு? பாட்டு போட்டுக்கிட்டு வந்தாருல்லா டிரைவரு, எப்ப அணைச்சாரு?

இந்தா, அத்திமேடு விலக்கு வந்துட்டு. ஹோல்டான் ஹோல்டான், ஆளு இறங்கணும். தம்பி, ஒரு கை கொடுங்க, பையைப் பிடிங்க. இழுங்க. இன்னும் கொஞ்சம். வாரேன் கண்டக்டர், விசில் அடிக்காதீரும், காந்தம் கம்பியை விட மாட்டேங்கு. கடப்பாறை எதும் இருக்கா? இல்லையா. சாய்ச்சு இழுங்க தம்பி. ம்ஹூம். என்னது, வண்டியை எடுக்கப் போறீரா? இரும்வே.

விடுங்க தம்பி. விட்டுருங்க. கிடக்கட்டும். அது தென்காசி போய்ட்டுத் திரும்பி வரட்டும், வராட்டா போகட்டும். சீட்டுப் புத்தகமும் பையோட போச்சு. ஒண்ணாம் நம்பர் மட்டும் கையில இருக்கு, செயினு சட்டைப்பையில இருக்கு. போதும்.

அட, நீங்களும் இங்கதான் இறங்குதீங்களா? ஏறினதுலருந்து சொல்லவே இல்லையே. ஆமா, நான் எங்க சொல்லவிட்டேன். இந்த ஊருதானா? எந்தத் தெரு? பிள்ளையார் கோயில் தெருவா. அங்கதான் என் மச்சினன் மந்திரமூர்த்தி வீடு, பச்சைக் கேட்டு போட்டது, தெரியுமா?

மாடியிலயா? அந்த வீட்டு மாடியிலயா குடியிருக்கீங்க?

அப்போ அந்த எள்ளுப்பொடி. அதானே பாத்தேன். பூண்டு வாசனை வரும்போதே எனக்கு என்னமோ செஞ்சுச்சு. அவதான் செஞ்சு குடுத்தாளா. ஒண்ணு வாங்கித் தின்னிருக்கலாம். டப்பாவுல மிச்சம் எதும் இருக்கா? சரி, விடுங்க.

தம்பி, ஒண்ணு கேக்கேன். ரெண்டு மாசமா அங்கன இருக்காளே, என்னைப் பத்தி உங்ககிட்ட எதும் சொன்னாளா? செயினைப் பத்தி? குளத்துல நடந்தது? எதுவுமே சொல்லலையா? கீழ் வீட்டுக்காரரோட அக்கா விருந்துக்கு வந்திருக்காவன்னுதான் நினைச்சீங்களா? வீட்டுக்காரரைப் பத்திக் கேட்டதுக்கு என்ன சொன்னா? "நல்ல மனுசன், வேலையா இருக்காரு"ன்னாளா. அவ்வளவுதானா.

ரெண்டு மாசம். அவ ஒரு ஆளுகிட்ட வாயைத் திறக்கல. நான் ஆலங்குளம் தாண்டறதுக்குள்ள ஒரு பஸ்ஸுக்கே சொல்லிட்டேன்.

அவ காந்தத்தைச் சொல்லல என்ன, தம்பி. வாயைத்தான் சொன்னா.

நீங்க முன்னால போங்க. நான் இந்தப் பாலத்துச் சுவர்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாரேன். இந்தச் சீட்டை என்ன செய்யன்னு தெரியல, கையில வச்சுக்கிட்டுதான் இருக்கேன். இனிமே அங்க போய் நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. வாசல்ல போய் நிப்பேன், அவ்வளவுதான். ஒரு உதவி மட்டும் செய்யுங்க. பஸ்ஸுல யாரும் பேச்சுத்துணைக்கு இருந்தாவளான்னு அவ கேட்டா, பக்கத்துல ஒரு வயசான ஆளு உக்காந்திருந்தாரு, திருநெல்வேலியிலருந்து வாயே திறக்கலன்னு சொல்லிருங்க.